விதைப் பக்கெட்டின் விலையை யார் தீர்மானிப்பது?

"சேர், இந்தப் பப்பாசி மரபணு மாற்றியதாமே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" திருகோணமலை மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்யும் என்னிடம் குச்சவெளியிலும் கேட்கிறார்கள், ஈச்சிலம்பற்றிலும் கேட்கிறார்கள். அவர்கள் காட்டுவது பெரும்பாலும் ரெட் லேடி. அது தாய்வானில் உருவாக்கப்பட்ட கலப்பினம், தாராளமாகக் கொடுக்கலாம். விதையில்லாத தர்ப்பூசணியும் கலப்பினமே. இரண்டு இனங்களை மகரந்தம் சேர்த்துப் பெறுவது கலப்பினம். ஆய்வுகூடத்தில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை, பெரும்பாலும் வேறோர் உயிரியிலிருந்து எடுத்து, பயிருக்குள் செலுத்துவது மரபணு மாற்றம்.

இலங்கையில் மரபணு மாற்றுப் பயிர் எதையும் வணிக நோக்கில் பயிரிட அனுமதி இல்லை. அத்தகைய உணவின் இறக்குமதி, லேபிள், விற்பனை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 2007 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உலகச் சந்தையில் இப்போதுள்ள மரபணு மாற்று உணவுகள் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கடந்தவை, அவற்றால் உடல்நலத்துக்கு ஆபத்து நேரும் வாய்ப்பு குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் கவலை வேறு. விவாதம் முழுவதும் வயிற்றைப் பற்றியே நடக்கிறது; கமக்காரரின் கணக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தியப் பருத்தியைப் பாருங்கள். 2002இல் பிடி பருத்திக்கு, அதாவது மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுவால் புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும் மரபணு மாற்றுப் பருத்திக்கு, அனுமதி கிடைத்தது. தொடக்கத்தில் காய்ப்புழு அடங்கியது, மருந்தடிப்பு குறைந்தது. அது உண்மையான இலாபம். ஆனால் 450 கிராம் பக்கெட் ஒன்று 1,600 இந்திய ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பங்கு மரபணுவுக்கு உரிமை கொண்ட நிறுவனத்துக்குப் போனது. ஆந்திர அரசு வழக்குத் தொடுத்த பிறகே, 2006இல், விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. கலப்பினத்தில் எடுத்த விதை அடுத்த போகத்தில் அதே குணத்தோடு விளையாது; பிடி பருத்தி கலப்பினமாகவே விற்கப்பட்டதால் விதையை எடுத்து வைத்து மறுபோகம் விதைக்கவும் முடியவில்லை. 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறைப் பிடி பருத்திக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதாக விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதன் பின் விதைக்கும் காசு, மருந்துக்கும் காசு.

பங்களாதேஷ் வேறு வழியில் போனது. 2013இல் பிடி கத்தரிக்கு அனுமதி கொடுத்து, அடுத்த ஆண்டு 20 விவசாயிகளிடம் நாற்றுகளை ஒப்படைத்தது. அந்த இனங்களை வெளியிட்டது அரச ஆராய்ச்சி நிறுவனம். அவை கலப்பினமும் அல்ல; விவசாயி தானே விதை எடுத்துக்கொள்ளலாம். தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றுதான். உரிமையாளர் மாறியதும் கணக்கும் மாறிவிட்டது. இந்தியாவோ 2010இல் பிடி கத்தரியை நிறுத்திவைத்தது.

கத்தரி நமக்கும் அந்நியமான பயிர் அல்ல. நம் தோட்டங்களில் வாடித் தொங்கும் குருத்தைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் புழு நெளியும். தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் ஒளிந்திருக்கும் அதை எந்த மருந்தும் எளிதில் தொடாது. அதனால் கிழமைக்கு இரண்டு தடவை கிருமிநாசினி தெளிக்கிறார்கள். சந்தைக்குப் போகும் முதல்நாள் தெளித்த காயையும் பார்த்திருக்கிறேன். விதையைக் கண்டு அஞ்சும் நாம், அந்தக் காயைக் கழுவக்கூட மறந்து கறிச்சட்டியில் போடுகிறோம். இது என்னை மிகவும் வருத்துகிறது. வாடிய குருத்தை வெட்டி எரிப்பதும், ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் கவர்ந்து பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் இன்றே செய்யக்கூடியவை, செலவும் குறைவு.

தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயலுக்குப் போகும் பிஜி, ஏடி இன நெல் விவசாயத் திணைக்களம் உருவாக்கியது. ஒரு போகத்தின் நெல்லில் நல்லதைப் பிரித்து அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உரிமைக் கட்டணம் என்று எவரும் கை நீட்டுவதில்லை. அந்தப் பலத்தை இழக்காமல்தான் புதிய தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். கண்ணை மூடி எதிர்ப்பவர்களுடனும் நான் உடன்படவில்லை, கண்ணை மூடி வரவேற்பவர்களுடனும் இல்லை. 2021 மே மாதத்தில் கணக்குப் பார்க்காமல் கொண்டுவந்த இரசாயனப் பசளைத் தடை அந்த ஆண்டு முடியுமுன்பே நீக்கப்பட்டது. ஆனாலும் அடுத்த பெரும்போகத்தின் விளைச்சல் நாடு முழுவதும் விழுந்துவிட்டது.

ஆகவே மரபணு மாற்று விதைக்கு நாளை அனுமதி கேட்டு யாராவது வந்தால், கமக்கார அமைப்புக் கூட்டத்தில் முதலில் விலையையும் உரிமையையும் பற்றிக் கேளுங்கள். விதை எடுத்து வைக்கலாமா, புழு எதிர்ப்புத்திறன் பெற்றால் நட்டம் யாருடையது, பக்கத்து வயலில் மகரந்தம் கலந்தால் யார் பொறுப்பு என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிக் கமநல சேவை நிலையத்திலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.