வயல் மிஞ்ச வேண்டுமானால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எழும்ப வேண்டும்

மேரிலாண்டின் மான்ட்கோமெரி கவுண்டியில் நிலம் தேடும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பூல்ஸ்வில் பக்கம் 25 ஏக்கர் மலிவாக வருகிறது. வாங்கிப் பிரித்து நாலைந்து வீடு கட்டலாமா?" முடியாது. ஏன் முடியாது என்பதில் கவுண்டியின் நாற்பது ஆண்டுக்கு மேலான வரலாறு இருக்கிறது. நிலப் பயன்பாட்டு ஆலோசகராக இருப்பதால், அதில் பலரும் பேசாமல் விடும் ஒரு பகுதியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

வாஷிங்டனை ஒட்டி வடக்கே இருக்கும் இந்தக் கவுண்டியில் 10 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். அப்படியும் மொத்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சுமார் 93,000 ஏக்கர், விவசாயத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. இது தானாக நடந்ததல்ல. நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி ஊர் வளரட்டும், நடுநடுவே பசுமை நிலம் இருக்கட்டும் என்று 1964-ஆம் ஆண்டுப் பொதுத் திட்டமே சொன்னது. ஆனால் சொன்னால் மட்டும் போதுமா? 1973-இல் கிராமப்புறத்தில் 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதி கொண்டுவந்தார்கள். கடுமையான விதி போலத் தெரியும், உண்மையில் அதுதான் பண்ணைகளைத் துண்டு துண்டாக்கியது. 5 ஏக்கரில் சோளமும் சோயாவும் போட்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. வசதியுள்ளவர் ஒருவர் பெரிய வீடு கட்டிக்கொண்டு மீதி நிலத்தில் புல் வளர்ப்பார், அவ்வளவுதான்.

1980-இல் திட்டக் குழுவின் தலைவராக ராய்ஸ் ஹான்சன் இருந்தபோது விதி மாறியது. இனி 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான். விவசாயிகள் கொதித்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது. பலருக்கு அந்த நிலம்தான் வயதான காலத்துச் சேமிப்பு. அதற்கு ஈடாக ஒரு வழி செய்தார்கள். பழைய கணக்கின்படி 5 ஏக்கருக்கு ஒன்று என்று 'கட்டும் உரிமை' விவசாயியிடமே இருக்கும், அதை அவர் விற்றுக்கொள்ளலாம். 100 ஏக்கர் வைத்திருப்பவருக்கு 20 உரிமைகள். அங்கே கட்டக்கூடிய 4 வீடுகளுக்கு 4 உரிமைகளை வைத்துக்கொண்டு மீதி 16-ஐ நகரத்துப் பக்கம் கட்டும் பில்டருக்கு விற்கலாம். வாங்கியவர் குறித்த இடங்களில் வழக்கமான அளவைவிடக் கூடுதல் வீடுகள் கட்டலாம். உரிமையை விற்றபின் விவசாயியின் நிலத்தின் மேல், அந்த வீடுகளை இனி அங்கே கட்ட முடியாது என்ற நிரந்தரக் கட்டுப்பாடு பதிவாகிவிடும். 50,000 ஏக்கருக்கு மேல் இந்த வழியில் காப்பாற்றப்பட்டிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் அரசுப் பணம் இல்லாமல்.

பலரும் விட்டுவிடுவது இங்கேதான் வருகிறது. உரிமையை வாங்க ஆள் வேண்டும். பில்டர் அதை வாங்க வேண்டுமானால், எங்கேயாவது அவரைக் கூடுதல் வீடுகள் கட்ட விட வேண்டும். பொது விசாரணைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்ன? "விவசாய நிலத்தில் கை வைக்காதீர்கள்" என்று உருக்கமாகப் பேசும் அதே மனிதர், வேறொரு விசாரணையில் தன் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மெட்ரோ நிலையத்துப் பக்கம் அடுக்குமாடி வேண்டாம் என்கிறார். பள்ளிக்கூடம் நிரம்பி வழியும், வண்டி நிறுத்த இடமில்லை என்று அவர் சொல்லும் காரணங்கள் பொய்யில்லை. அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது கவுண்டியின் பொறுப்பு. ஆனால் வீடு தேடும் குடும்பம் அதனால் மறைந்துவிடுவதில்லை. வாடகை கட்டுப்படியாகாமல் வடக்கே பிரெடெரிக் கவுண்டிக்கும் அதைத் தாண்டியும் போகிறது. தினமும் காலையில் 270-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே வந்து நெரிசலில் நிற்கிறது. நம் கவுண்டியில் தப்பிய வயலுக்குப் பதில் பக்கத்துக் கவுண்டியின் வயல் வீட்டுமனையாகிறது.

ஆகவே அடுக்குமாடியை எதிர்ப்பதும் வயலைக் காப்பதும் ஒன்று என்று எண்ணுவது தவறு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ராக்வில் நகரத்துக்குள் ஷேடி குரோவ் நிலையத்துப் பக்கத்தில் இருக்கும் கிங் பார்ம், பெயருக்கேற்றபடி ஒரு காலத்தில் பால் பண்ணைதான். இன்று அங்கே வரிசை வீடுகள், அடுக்குமாடிகள், கடைகள். அந்தப் பண்ணையை விட்டுக்கொடுத்தது சரி என்றே சொல்வேன். ரயில் வந்து நிற்கும் இடத்தில் சோளம் போடுவதால் யாருக்கு லாபம்? 2008-இல் வந்த இன்னொரு திட்டம் இந்தத் தொடர்பை நேராகவே போட்டது: விவசாயி தன்னிடம் மிச்சமிருக்கும் வீட்டு உரிமையையும் விட்டுக்கொடுத்தால் பணம், நகர மையத்தில் கூடுதல் உயரம் கேட்கும் பெரிய கட்டடங்கள் அதற்குப் பங்கு தர வேண்டும் என்று விதியும் வைத்தார்கள்.

எல்லா இடத்திலும் கட்ட விடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே கவுண்டியின் கிளார்க்ஸ்பர்க்கில் ஓடும் டென் மைல் ஓடையின் தண்ணீர் லிட்டில் செனிகா ஏரிக்குப் போகிறது. வறட்சி வந்தால் வாஷிங்டன் பகுதிக்குக் குடிநீர் கொடுக்க வைத்திருக்கும் ஏரி அது. கிளார்க்ஸ்பர்க்குக்கான 1994 திட்டம் அந்த ஓடைப் பகுதியிலும் வீடுகளுக்கு இடம் கொடுத்திருந்தது. 2014-இல் அதைத் திருத்தி, மிகவும் பாதிக்கப்படக்கூடிய பகுதியில் கூரை, தார், சிமென்ட் எல்லாம் சேர்ந்து நிலத்தில் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். நல்ல முடிவு. மழை மண்ணில் இறங்காமல் தாரின் மேல் ஓடினால், ஓடை அரித்துச் சூடாகிக் கெட்டுவிடும்.

சரி, நிலம் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு: மலிவாக வருகிறது என்றால் முதலில் கவுண்டியின் வரைபடத்தில் அது விவசாய ஒதுக்கீட்டு வகையா என்று பாருங்கள். பத்திரத்தில் கட்டுப்பாடு பதிவாகியிருக்கிறதா, எத்தனை கட்டும் உரிமை மிச்சம் என்பதை வக்கீல் வைத்துத் தேடுங்கள். கட்டுப்பாடு நிலத்தோடு ஒட்டியது, கைமாறினாலும் போகாது. ஏற்கெனவே நிற்கும் பழைய வீடும் கணக்கில் சேரும். அந்தப் பக்கம் பொதுவாகக் கழிவுநீர்க் குழாய் போட மாட்டார்கள். ஆழ்துளைக் கிணறும் செப்டிக் டேங்கும்தான். மண் தண்ணீரை உறிஞ்சும் சோதனையில் தேறாவிட்டால் அந்த ஒரு வீட்டுக்கும் அனுமதி கிடைக்காது. "பிறகு விதி மாறிவிடும்" என்று யாராவது சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

அப்புறம், கவுண்டித் திட்டக் குழு வழக்கமாக வியாழக்கிழமைகளில் வீட்டன் (Wheaton) என்ற ஊரில் கூடுகிறது. அங்கே கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை, சொந்த வீடு தேவையில்லை. எச்-1பி விசாவில் வாடகைக்கு இருப்பவரும் நேரிலோ எழுத்திலோ சொல்லலாம். ஆனால் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள்தான். உங்கள் ரயில் நிலையத்துப் பக்கம் காலி மனையில் அறிவிப்புப் பலகை நட்டிருந்தால், அதில் உள்ள திட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கே வீடு வந்தால் உங்களுக்கு என்ன பயன் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள்.