சூடான டம்ளரும் சாம்சாத் பூகம்பமும்

"துருக்கியில் அவ்வளவு பெரிய பூகம்பம் வந்ததற்கு அங்கே கட்டிய பெரிய அணைதான் காரணமாமே, வாட்ஸப்பில் வீடியோ வந்தது, நிஜமா சார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

2023 பிப்ரவரி 6 பூகம்பத்தைச் சொல்கிறார் என்றால், இல்லை. அது அரேபியத் தட்டும் அனடோலியத் தட்டும் (பூமியின் ஓட்டில் மெல்ல நகரும் பெரிய பாறைத் துண்டுகளைத்தான் தட்டு என்கிறார்கள்) உரசிக்கொள்ளும் கிழக்கு அனடோலியப் பிளவில் வந்தது. அளவு 7.8. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிழிந்தது. மனிதன் அணை கட்டப் பழகுவதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே அந்தப் பிளவு இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை. அந்தப் பூகம்பம் தாக்கிய அதியமான் மாகாணத்தில் (ஆமாம், துருக்கியிலும் ஓர் அதியமான் உண்டு, நம்முடைய அதியமானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) சாம்சாத் என்று ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. யூப்ரடீஸ் நதியில் அத்தாதுர்க் அணையைக் கட்டி, 1990இல் நீரைத் தேக்கினார்கள். ஏரி முழுசாக நிரம்பினால் 48.7 கன கிலோமீட்டர். நம் கணக்கில் சுமார் 1,720 டி.எம்.சி. கொமகேனே என்ற பழங்கால அரசின் தலைநகரம் சமோசாட்டா அதற்குள் போய்விட்டது. நிமெத் ஓஸ்குச் என்ற தொல்லியலாளர் 1978 முதல் அவசர அவசரமாகத் தோண்டி எடுத்தது போக மற்றதெல்லாம் தண்ணீருக்கடியில். ஊர் மக்களுக்கு மேட்டில் புது சாம்சாத் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்தப் புது ஊரைத்தான் 2017 மார்ச் 2 அன்று 5.5 அளவுள்ள பூகம்பம் உலுக்கியது. அடுத்த வருடம் ஏப்ரலில் இன்னொன்று. இந்த நடுக்கங்களை ஆராய்ந்தவர்கள், இவற்றில் ஏரிக்குப் பங்கு இருக்கிறது என்கிறார்கள்.

எப்படி? "அவ்வளவு தண்ணீரின் எடை பூமியை அமுக்குகிறது" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எடையும் கொஞ்சம் வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பக்கவாட்டில் நகரும் பிளவை மேலிருந்து அமுக்கினால் சில சமயம் அது இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். சுவாரசியமான வில்லன் வேறு.

சமையலறைக்கு வாருங்கள். எவர்சில்வர் டம்ளரை வெந்நீரில் கழுவி, ஈரமான கிரானைட் மேடையில் கவிழ்த்து வையுங்கள். சில நொடிகளில், யாரும் தொடாமலே, டம்ளர் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் என் பாட்டி இதைப் பார்த்துவிட்டு "ஏதோ வந்திருக்கு" என்று சூடம் ஏற்றியதுண்டு. வந்தது காற்றுதான். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, சூடான உலோகம் பட்டு விரிகிறது. வாயைச் சுற்றியுள்ள ஈரம் அதை வெளியே விடுவதில்லை. அதனால் காற்று டம்ளரை மேலே தூக்கப் பார்க்கிறது. எண்பது கிராம் டம்ளர் என்றால், காற்று ஒரு டிகிரி சூடேறினாலே அதன் எடை முழுவதையும் தாங்கிவிடும். டம்ளரின் எடை குறையவில்லை. மேடைமேல் அது அழுந்துவதுதான் குறைந்தது. அழுத்தம் போனால் உராய்வும் போச்சு. மேடை தொட்டிப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும் இல்லையா, அந்தச் சாய்வு போதும்.

1959இல் ஹப்பர்ட், ரூபி என்ற இரண்டு அமெரிக்கப் புவியியலாளர்கள் இதையே ஒரு காலி பீர் கேனை வைத்து விளக்கினார்கள். அதைக் குளிரவைத்து, ஈரக் கண்ணாடிமேல் கவிழ்த்தார்கள். அறையின் சூட்டுக்கு அது தானாகவே வழுக்கியது. அவர்களுக்கு பீர் கேன், நமக்கு டம்ளர்.

இப்போது சாம்சாத். பூமிக்குள் பிளவின் இரண்டு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கின்றன. அந்த இறுக்கத்தால்தான் அவை நகராமல் இருக்கின்றன. பாறையின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் ஏற்கெனவே நீர் இருக்கிறது. மேலே நூறு மீட்டர் ஆழத்துக்கு ஏரி வந்து உட்கார்ந்தால் அடியில் பத்து வளிமண்டல அழுத்தம் (நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் பத்து மடங்கு) கூடுகிறது. அது கீழே பரவி, பிளவின் இரண்டு பக்கங்களையும் உள்ளிருந்து விலக்கப் பார்க்கிறது. டம்ளருக்குள் காற்று செய்ததும் இதுதான்.

ஏரித் தண்ணீரே ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் போக வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம். நிரம்பிய ஹோஸ் பைப்பில் குழாயைத் திறந்ததும் மறுமுனையில் கொட்டுவது, அங்கே ஏற்கெனவே இருந்த தண்ணீர்தானே? பயணம் போவது அழுத்தம். பாறைக்குள் அது ஆமை வேகத்தில் போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து கிலோமீட்டருக்கு 25 மாதம். 18 கிலோமீட்டருக்கு 324 மாதம், அதாவது 27 வருடம். 1990இலிருந்து 2017 வரை எண்ணிப் பார்க்காதீர்கள். ஒரு மாதம் என்பது நான் சும்மா எடுத்துக்கொண்டது, பாறைக்குப் பாறை அது பல மடங்கு மாறும். ஏரி நிரம்பிப் பல வருடம் கழித்தும் பூகம்பம் வரலாம் என்பதற்காக மட்டும் சொன்னேன்.

ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் அழுத்தம் சுமார் 1,300 வளிமண்டலம். ஏரி கூட்டுவது பத்து, பதினைந்து. ஒரு சதவீதச் சொச்சம்! அது போதுமா என்றால், பிளவு ஏற்கெனவே விளிம்பில் நின்றால் போதும். மேடையின் சாய்வைப் பூமியின் தட்டுகள் லட்சக்கணக்கான வருடங்களாகத் தயார்செய்து வைத்திருக்கின்றன. சாய்வு இல்லாத மேடையில் டம்ளர் எவ்வளவு சூடானாலும் ஓடாது. அதனால்தான் இதை 'அணை உண்டாக்கிய பூகம்பம்' என்று சொல்லாமல் 'அணை தூண்டிய பூகம்பம்' என்கிறார்கள். 5.5க்கும் 7.8க்கும் ஆற்றலில் கிட்டத்தட்ட 2,800 மடங்கு வித்தியாசம் என்பதையும் வாட்ஸப் அன்பர் கவனிக்கட்டும்.

இந்த விஷயத்தில் உலகமே திரும்பிப் பார்க்கும் இடம் இந்தியாவில் இருக்கிறது. மகாராஷ்டிராவின் கொய்னா அணைப் பகுதியில் 1967 டிசம்பரில் 6.3 அளவில் பூகம்பம் வந்து ஏறக்குறைய இருநூறு பேர் இறந்தார்கள். அங்கே இன்றும் மழைக்காலத்தில் ஏரி நிரம்பிய பிறகு நடுக்கங்கள் கூடுகின்றன. அந்தப் பகுதியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அந்தப் பாறையையே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். "கல்லில் ஓட்டை போட இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டக் காசு கொடுக்க வேண்டும். கிரகச் சேர்க்கையை வைத்துப் பூகம்பத் தேதி சொல்பவருக்கு டி.வி.யில் அரை மணி நேரம் தருகிறார்கள், கொய்னா துளைக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

சரி, வாசகரே, இன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது டம்ளரைக் கவிழ்த்துப் பாருங்கள். மேடை நன்றாக ஈரமாக இருக்க வேண்டும், விளிம்பில் நெளிவு இருக்கக் கூடாது. எங்கள் வீட்டு டம்ளர் நேற்று ஒன்றரை சாண் தூரம் ஓடியது.