கஞ்சியை வடிகட்டாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு அம்மாவை அழைத்து வந்தார்கள். டைபாய்டு காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. "வேளை தவறாம கஞ்சி கொடுக்கிறோம் மேடம், உடம்பு தேறவே மாட்டேங்குது" என்றார் மகள். ஃபிளாஸ்கை வாங்கி மூடியில் ஊற்றிப் பார்த்தேன். மூடியின் அடி தெரிந்தது. அரிசியையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்து, துணியில் வடித்து, சக்கை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அந்தத் தண்ணீரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் வடிகட்டுகிறீர்கள் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "சத்தெல்லாம் தண்ணியில இறங்கிடுமே!"

இறங்காது. கொஞ்சம் உப்புச்சத்து, கொஞ்சம் பி வைட்டமின், கரைந்த மாவு, அவ்வளவுதான் இறங்கும். புரதத்தில் பெரும்பகுதி பருப்பிலேயே நின்றுவிடும். 20 கிராம் பாசிப்பருப்பில் கிட்டத்தட்ட 5 கிராம் புரதம் இருக்கிறது. துணியில் தங்கி குப்பைக்குப் போவது அதுதான். 50 கிலோ எடையுள்ளவர் நோயிலிருந்து தேறும்போது நாளைக்கு 60 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவரைக் கேளுங்கள்.) சூப்பும் அப்படித்தான். சாற்றை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு கறியை வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட்டால், தேறுவது வீட்டில் உள்ளவர்கள்தான். கறியை மசித்து நோயாளிக்கும் கொடுங்கள்.

வயிறு எதையும் ஏற்காத முதல் ஒன்றிரண்டு நாளைக்கு வடிகஞ்சி சரி. பசி எடுத்ததும் நொய்யும் வறுத்த பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்து, அப்படியே கொடுங்கள். கூட ஒரு டம்ளர் பாலோ கெட்டி மோரோ. முட்டை சாப்பிடுவார் என்றால் அதையும் ஏன் நிறுத்துகிறீர்கள்?

அப்புறம், பேதி ஆகிறது என்றால் கஞ்சியை மட்டும் நம்பாதீர்கள், ஓஆர்எஸ் கரைசலும் கொடுங்கள். சிறுநீரக நோயாளிக்கு இளநீர் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். சர்க்கரை நோயாளிக்கு வெறும் அரிசிக் கஞ்சியை டம்ளர் டம்ளராகக் கொடுத்துவிட்டு, சர்க்கரை ஏறிவிட்டது என்று பதறாதீர்கள். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் தண்ணியான எதுவும் புரையேறும். மருத்துவரைக் கேட்காமல் புகட்டவே கூடாது.

காலையில் வைத்த கஞ்சியைச் சாயங்காலம் வரை ஃபிளாஸ்கில் வைத்துக் கொடுப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பில் கிருமி பெருகும். தேறி வரும் உடம்பு இன்னொரு பேதியைத் தாங்காது.