பறவையின் அலகை மட்டும் நம்பினால் போதுமா?

பறவைகளின் அறிவியல் பெயர்களை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். டியாரிஸ் என்ற பேரினத்தின், அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுப்பின், கதையே அவருக்குப் பதில்.

கரீபியன் தீவுகளிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் புல்விதை தின்று வாழும் சிறு பறவைகள் இவை. குட்டையான கூம்பு அலகு. அதைப் பார்த்து ஐந்து சிற்றினங்களை ஒரே பேரினமாக்கி, பண்டிங் என்ற விதை தின்னும் பறவைகளின் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஆய்வு வந்ததும் இவை டானேஜர் என்ற அமெரிக்கப் பறவைக் குடும்பத்துக்குப் போயின.

சரி, அலகு ஏன் ஏமாற்றியது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முட்டைக்குள் கரு வளரும்போது, அலகு உருவாகும் இடத்தில் பி.எம்.பி.4 என்ற புரதம் சுரக்கிறது. கலாபகஸ் தீவுகளின் டார்வின் ஃபின்ச்சுகளில், தடித்த அலகுள்ளவற்றின் கருவில் அது முன்னதாகவே, அதிகமாகச் சுரப்பதை 2004-ல் கண்டார்கள். கோழிக் கருவில் அதைக் கூட்டியபோது கோழிக்குஞ்சின் அலகும் தடித்தது! அலகின் நீளத்தில் கால்மோடுலின் என்ற இன்னொரு புரதத்துக்குப் பங்கு உண்டு. ஆக, புரதத்தின் அளவும் நேரமும் கொஞ்சம் மாறினாலே அலகு மாறிவிடும். விதை கிடைக்கும் இடங்களில், தொடர்பே இல்லாத வம்சங்களிலும் தடித்த அலகு திரும்பத் திரும்பத் தோன்றும்.

அலகைப் போலன்றி, டி.என்.ஏ.வில் பல மாற்றங்கள் பிழைப்பைப் பாதிக்காதவை. ஏடு பார்த்து எழுதுகிறவர் விட்ட பிழை, அதைப் பார்த்து எழுதிய எல்லாப் பிரதிகளிலும் தொடர்வதுபோல அவை வம்சத்தில் தொடர்கின்றன. ஒரே மாற்றங்களைப் பகிர்பவை நெருங்கிய உறவு. இந்த ஒப்பீட்டுக்கு அருங்காட்சியகங்கள் பாதுகாத்துவைத்த திசுக்கள் வேண்டும். அவற்றைப் பராமரிக்கும் பணத்தை வீண்செலவு என்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

பறவையியலாளர் கெவின் பர்ன்ஸ் குழு 2014-ல் வெளியிட்ட டானேஜர் வம்ச மரத்தில் அந்த ஐந்தும் சிதறிக் கிடந்தன. கியூபாப் பறவை ஃபோனிபாரா பேரினத்துக்குப் போனது. கருமுகப் பறவை, செயின்ட் லூசியா தீவின் கறுப்பு ஃபின்ச்சோடு மெலனோஸ்பைசாவில் சேர்ந்தது. இன்னும் இரண்டுக்கு அசெமோஸ்பைசா என்று புதுப் பேரினமே அமைத்தார்கள். டியாரிஸில் மிஞ்சியது மஞ்சள்முகப் பறவை மட்டும்.

பழைய பெயரையே வைத்திருக்கலாமே என்றால், பேரினம் என்பது ஒரே மூதாதையின் எல்லா வாரிசுகளையும் கொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்தையும் சேர்த்தே வைக்க வேண்டுமென்றால், அவற்றுக்கு நடுவே கிளைத்த டார்வின் ஃபின்ச்சுகள் அத்தனையையும் அதே பேரினத்தில்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.