எழுதறதுக்கு முன்னாடி பதம் பார்க்கற லேசர்

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு. பத்து வருஷத்து ஃபோட்டோவை எல்லாம் வீட்டு கம்ப்யூட்டர்லேர்ந்து டிஸ்க்ல ஏத்தி பத்திரமா வெச்சுக்கலாம்னு உட்கார்ந்தா, பர்ன் பண்ண ஆரம்பிச்ச உடனே "பவர் கேலிப்ரேஷன் எரர்"னு (லேசரோட பவரைச் சரியா அமைக்க முடியலைன்னு அர்த்தம்) வந்து நின்னுடுதாம். மூணு டிஸ்க் போச்சு. ஆனா அதே டிரைவ்ல பழைய டிஸ்க் எல்லாம் ஜோரா ஓடுது, அப்புறம் டிரைவ் ரிப்பேர்னு எப்படிங்க நம்பறதுன்னு கேக்கறாரு. ரொம்ப நியாயமான கேள்வி, பதில் அதைவிட அழகு.

முதல்ல எல்லாருக்கும் வர்ற சின்னச் சிக்கல்களை வேகமா முடிச்சிடறேன். சிடியில 700 எம்பி, சாதா டிவிடியில 4.7 ஜிபின்னு போட்டிருந்தாலும் கம்ப்யூட்டர் கணக்குல அது சுமார் 4.37 தான், அதனால 4.6 ஜிபி ஃபோட்டோவை எடுத்துக்கிட்டு வந்தா இடம் பத்தாதுன்னுதான் சொல்லும். விண்டோஸ்ல சிடி, டிவிடி பிளேயருக்கான முறையைத் தேர்ந்தெடுத்துட்டு ஃபைலை டிஸ்க்குக்கு இழுத்து விட்டா அது வரிசையிலதான் காத்திருக்கும், பர்ன் கொடுத்தாதான் எழுதும். பென் டிரைவ் மாதிரி பயன்படுத்தற முறையில எழுதின டிஸ்க்கை ஒழுங்கா மூடாம எடுத்துட்டா இன்னொரு கம்ப்யூட்டர்ல காலி டிஸ்க்னு காட்டலாம். ஃபோட்டோவுக்குத் தமிழ்ல நீளமா பேர் வெக்கறவங்க ஒண்ணு கவனிங்க, டிஸ்க்ல ஃபைல் பேரைப் பதியற ஜோலியட்ங்கற பழைய முறையில ஒரு பேருக்கு 64 எழுத்துதான், அதுலயும் "தி"ன்னு எழுதினா த ஒண்ணு, அந்த மேல் விலங்கு ஒண்ணுன்னு ரெண்டா எண்ணும், அதனால பேர் பாதியில வெட்டுப்படும்.

சரி, இப்ப அந்த எரருக்கு வருவோம்.

கடையில வாங்கற பாட்டு சிடியில குழிகளை அச்சுல வார்த்துடுவாங்க. நாம எழுதற சிடியில குழியே கிடையாது. பிளாஸ்டிக்குக்கும் பளபளக்கற உலோகப் பூச்சுக்கும் நடுவுல ஒரு மெல்லிய சாயப் படலம் இருக்கு, லேசர் அதுல சூடு போடுது, அவ்வளவுதான். சூடு பட்ட இடத்துல சாயம் சிதைஞ்சு, ஒட்டியிருக்கற பிளாஸ்டிக்கும் லேசா உருமாறி ஒரு தழும்பு விழும். அப்புறம் படிக்கும்போது தழும்பு மேல பட்ட வெளிச்சம் குறைவா திரும்பி வரும், மத்த இடத்துல நல்லா திரும்பி வரும். உங்க குழந்தையோட முதல் பிறந்தநாள் ஃபோட்டோ இந்தத் தழும்புகளோட நீளத்துலதான் இருக்கு, சிடியில குட்டையானது 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல 1 பங்கு) கம்மி, நீளமானது 3 மைக்ரானைக் கொஞ்சம் தாண்டும்.

அப்போ நீளம் பிசகவே கூடாது இல்லையா. சூடு குறைஞ்சா தழும்பு குட்டையாயிடும், கூடிட்டா ஓரத்துல பரவி நீண்டுடும், ரெண்டுலயும் எழுதினது வேற எழுத்தா மாறிடும். எவ்வளவு சூடுதான் சரின்னு கேட்டா, அதுக்கு நிரந்தரமான ஒரு பதிலே இல்ல! ஒவ்வொரு கம்பெனி சாயமும் வேற. லேசரை உண்டாக்கற சின்னச் சில்லு, அதாவது டயோடு, சூடாக சூடாக அதோட அலைநீளம் கொஞ்சம் கூடும், சிடி லேசர் 780 நானோமீட்டர்னு (மைக்ரான்ல ஆயிரத்துல 1 பங்குதான் நானோமீட்டர்) வெச்சுக்கங்க, சாயம் வெளிச்சத்தை உறிஞ்சற அளவு சரியா அந்த இடத்துலதான் சரிவா இறங்கிக்கிட்டு இருக்கும், அதனால சில நானோமீட்டர் நகர்ந்தாலே உறிஞ்சற அளவு மாறிடும். காலையில சரியா இருந்த பவர் மத்தியானம் சரியா இல்லாம போகலாம்.

அதனால டிரைவ் என்ன பண்ணுது தெரியுமா, பதம் பார்க்குது. டிஸ்க்கோட உள் ஓரத்துல, உங்க ஃபைல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, இதுக்குன்னு ஒரு வட்டத்தை ஒதுக்கி வெச்சிருக்காங்க. காலி டிஸ்க்ல முன்கூட்டியே ஒரு சுருள் பள்ளம் செதுக்கியிருக்கும், அந்தப் பள்ளம் நேரா போகாம லேசா நெளிஞ்சு நெளிஞ்சு போகும், அந்த நெளிவுக்குள்ளயே இது யார் செஞ்ச டிஸ்க், எந்த பவர்லேர்ந்து ஆரம்பிக்கலாம்ங்கற குறிப்பை வெச்சிருக்காங்க (எனக்கு இந்த இடம் வந்தாலே உடம்பு சிலிர்க்கும்). அந்தக் குறிப்பைப் படிச்சுட்டு, அதைச் சுத்தி கம்மியிலேர்ந்து அதிகம் வரைக்கும் 15 படியா பவரை ஏத்தி, ஒவ்வொண்ணுலயும் ஒரு துணுக்கு எழுதும், ஒரு துணுக்குன்னா சாதா வேகத்துல ஒரு செகண்டுல 75ல 1 பங்கு. மொத்த சோதனையும் 0.2 செகண்டு! உடனே தானே எழுதினதைத் தானே திருப்பிப் படிச்சு, குட்டைத் தழும்பும் நீளத் தழும்பும் தர்ற சிக்னல் ஒண்ணுக்கொண்ணு எந்தப் பவர்ல நடுவுல சரியா அமையுதுன்னு பார்த்து, அந்தப் பவரைத்தான் உங்க ஃபோட்டோவுக்குப் பிடிச்சுக்கும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றது இங்க அப்படியே பொருந்தும்.

ஆக, அந்த எரர் வந்தா 15 படியில ஒண்ணுகூட தேறலைன்னு அர்த்தம், இல்லேன்னா சோதிக்கவே இடம் இல்லைன்னு அர்த்தம். சிடியில இந்த சோதனைக்கு மொத்தம் 100 இடம்தான், ஒரு தடவை எழுதினா ஒண்ணு காலி, அதனால தினமும் நாலு ஃபோட்டோவா சேர்த்துக்கிட்டே போறவங்களுக்கு டிஸ்க்ல இடம் இருந்தும் சோதிக்க இடம் தீர்ந்துடும். வாசகருக்குப் புது டிஸ்க்கிலயே வருது, அதனால அவருக்கு இது இல்ல.

அவரோட சந்தேகத்துக்கு விடை இங்கதான். படிக்க ரொம்பக் கம்மியான பவர் போதும், எழுத அதைவிடப் பல மடங்கு வேணும். வயசான லேசரும், லென்ஸ்ல தூசி படிஞ்ச லேசரும் படிக்கற வேலையை நல்லாவே செய்யும், எழுதச் சொன்னா உச்சப் பவர்லயும் தழும்பு சரியா விழாது. இதை நீங்களே சோதிக்கலாம். சிடிக்கு 780, டிவிடிக்கு 650 நானோமீட்டர்னு டிரைவுக்குள்ள தனித்தனி லேசர், அதனால சிடி எழுதி டிவிடி எழுதலைன்னா (இல்ல தலைகீழா நடந்தா) அந்த ஒரு லேசர்தான் ஓய்ஞ்சிருக்கு. வெளியில மாட்டற யூஎஸ்பி டிரைவா இருந்தா அதுக்கும் முன்னாடி வயரைப் பாருங்க, பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் தர்றது 500 மில்லிஆம்ப்தான், எழுதும்போது அது பத்தாம போகலாம், ரெண்டு போர்ட்ல மாட்டற வயரோ தனி அடாப்டரோ போட்டா பல சமயம் சரியாயிடும். டிஸ்க்கோட உள் வட்டத்துல விரல் ரேகை இருந்தாலும் சோதனை தோத்துடும், ஏன்னா சோதிக்கறதே அங்கதானே. மெத்துன்னு இருக்கற துணியால நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா நேராத் துடைங்க, வட்டமாத் துடைக்காதீங்க.

ஏன் வட்டமா கூடாதுன்னா, கீறல் சுருளோட கூடவே ஓடினா தொடர்ச்சியா நிறைய எழுத்து போயிடும், குறுக்க ஓடினா ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம்தான் போகும். சிடியில சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து அழிஞ்சாலும் கணக்குப் போட்டு மீட்டுடும். அந்தக் கணக்கு ரீட், சாலமன்னு ரெண்டு பேர் 1960ல வெளியிட்டது, சிடி கடைக்கு வந்தது 1982ல. உடனே என்ன பயன்னு கேட்டு கணித ஆராய்ச்சிக்குப் பணத்தை வெட்டறவங்க மேல எனக்கு உண்மையிலேயே கோபம் வரும், 22 வருஷம் பொறுத்ததாலதான் இன்னிக்கு கீறல் விழுந்த டிஸ்க்லேர்ந்தும் ஃபோட்டோ முழுசா வருது.

இன்னொண்ணு, எப்பவும் இருக்கறதிலேயே குறைஞ்ச வேகத்துல எழுதினாதான் நல்லதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, பலரும் சோதிச்சுப் பார்க்காம கையில கயிறு கட்டிக்கற மாதிரி பின்பத்தறாங்க. இன்னிக்கு வர்ற டிஸ்க் சாயம் வேகமா, கொஞ்ச நேரமே படற சூட்டுக்காக செஞ்சது. 16 எக்ஸ், அதாவது சாதா வேகத்தைவிட 16 மடங்குன்னு போட்ட டிவிடியை 8 எக்ஸ்ல எழுதுங்க, ஓய்ஞ்ச லேசருக்கும் அது இதம்.

அதனால வாசகர் மொதல்ல வேற கம்பெனி டிஸ்க் ஒண்ணு, வேகத்தைப் பாதியாக்கி, டிரைவுக்குள்ளயே இருந்து அதை இயக்கற மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுசாக்கிப் பார்க்கட்டும். அதுக்கும் அதே எரர்னா டிரைவைத்தான் மாத்தணும். எழுதி முடிஞ்சதும் டிஸ்க்கை வெளிய எடுத்து, எழுதின டிரைவ்ல இல்லாம வேற கம்ப்யூட்டர்ல போட்டு, எல்லா ஃபோட்டோவையும் ஒரு ஃபோல்டருக்குத் திருப்பி காப்பி பண்ணிப் பாருங்க. கம்ப்யூட்டர்ல இருக்கற ஒரிஜினலை அதுவரைக்கும் தொடாதீங்க.