மருந்து வாடை தூக்கலாக அடித்தால் குளோரின் அதிகமா?

"குழாயைத் திறந்தாலே மருந்து வாடை குப்பென்று அடிக்கிறது, பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டார்களா?" பொது சுகாதாரத் துறைக்கு வரும் புகார்களில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. குளோரினைக் குறைத்தால் வாடை போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பல சமயம் அதற்கு மருந்து, குளோரினைக் கூட்டுவது. கேட்பவருக்கு இது வேடிக்கையாக இருக்கும். குளோரின் தண்ணீருக்குள் போனபின் என்ன ஆகிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

அடிப்படை வேதியியலைச் சீக்கிரம் கடந்துவிடலாம். வாயுவாகச் செலுத்தினாலும், பிளீச்சிங் பவுடராகக் கரைத்தாலும், சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமாக ஊற்றினாலும் தண்ணீரில் உருவாவது ஹைப்போகுளோரஸ் அமிலம்தான். கிருமியைக் கொல்வது பெரும்பாலும் இதுவே. மின்னேற்றம் இல்லாத சின்ன மூலக்கூறு என்பதால் கிருமியின் செல்சுவரை எளிதில் ஊடுருவும். தண்ணீரின் காரத்தன்மை ஏறினால் இந்த அமிலம் ஹைப்போகுளோரைட் அயனியாக மாறும். எதிர் மின்னேற்றம் கொண்ட அந்த அயனி, கொல்லும் திறனில் அமிலத்துக்குக் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7.5 அளவில் இரண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 8.5 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்கே அமிலமாக மிஞ்சும். அளவுமானி காட்டும் எண் மாறாமலே மருந்தின் வீரியம் இறங்கிவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். தண்ணீரில் போட்ட குளோரின் நேராகக் கிருமியைத் தேடிப் போவதில்லை. கரைந்த இரும்பு, மாங்கனீஸ், அழுகிய இலைதழைச் சத்து, ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா என்று வழியில் யார் அகப்பட்டாலும் வினைபுரியும். அதுவரை போடுவதெல்லாம் கடனுக்கு வட்டி கட்டுவதுபோல. கடன் முழுக்கத் தீர்ந்தபின் கையில் நிற்பதுதான் நமக்கு உதவும். அந்தக் கடனைக் குளோரின் தேவை என்றும், கையில் நிற்பதை எஞ்சிய குளோரின் என்றும் சொல்கிறோம். எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். எவ்வளவு எஞ்சியது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கடன்காரர்களில் அம்மோனியா மட்டும் தனி ரகம். கழிவுநீர், யூரியா உரம், சாணம் ஆகியவற்றிலிருந்து அது தண்ணீருக்கு வரும். ஒரு லிட்டரில் 0.5 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருப்பதாகவும், குளோரினைத் தின்ன வேறு எதுவும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் போட்டால் சோதனையில் மொத்தக் குளோரின் ஏறக்குறைய 1 என்று வரும். 2 போட்டால் 2. ஆனால் அதில் எதனோடும் சேராத தனிக் குளோரினே கிடையாது. அத்தனையும் அம்மோனியாவோடு சேர்ந்த மோனோகுளோரமீன். அதுவும் கிருமியைக் கொல்லும், ஆனால் ஆமை வேகத்தில்.

மேலும் கூட்டுங்கள். எடைக்கணக்கில் அம்மோனியா நைட்ரஜனைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 2.5 மி.கி. வரை எஞ்சியது ஏறிக்கொண்டே போகும். அதைத் தாண்டியதும் ஒரு விநோதம்: மருந்தைக் கூட்டக் கூட்ட எஞ்சியது இறங்கத் தொடங்கும். 3 போட்டால் 2 போட்டபோது இருந்ததைவிடக் குறைவாகக்கூடக் காட்டலாம். 4-ஐ நெருங்கும்போது அடிமட்டத்துக்கே வந்துவிடும்.

அந்தக் குளோரின் எங்கே போனது? கூடுதலாக வந்த குளோரின் மோனோகுளோரமீனை டைகுளோரமீனாக்குகிறது. டைகுளோரமீன் நிலையற்றது, உடைந்து, நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போகிறது. வினையின் கணக்கு எளிது: இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளுக்கு மூன்று குளோரின் மூலக்கூறுகள். எடையாக்கினால் 28 பங்கு நைட்ரஜனுக்கு 213 பங்கு குளோரின், அதாவது 1-க்கு 7.6. தண்ணீரில் வேறு அழுக்குகளும் இருப்பதால் நடைமுறையில் பத்து மடங்கு வரை தேவைப்படும். இந்த அடிமட்டத்துக்கு பிரேக் பாயின்ட் என்று பெயர். அதைக் கடந்தபின் போடும் ஒவ்வொரு மில்லிகிராமும் தனிக் குளோரினாக அப்படியே நிற்கும்.

ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் இந்தக் கோடு சுகாதார வேதியியலிலேயே அழகான வரைபடம் என்பது என் கட்சி. ஒரே மொத்த அளவு அதில் மூன்று இடத்தில் வரும். முதல் ஏற்றத்தில் கிடைக்கும் 1, இறக்கத்தில் கிடைக்கும் 1, கடைசி ஏற்றத்தில் கிடைக்கும் 1 மூன்றும் எண்ணில் ஒன்று, தன்மையில் வேறு வேறு. மூக்கைத் துளைக்கும் மருந்து வாடை வருவது பெரும்பாலும் நடுவில் உள்ள இறக்கத்திலிருந்து. டைகுளோரமீனும் அதற்கு அடுத்த டிரைகுளோரமீனும்தான் அதற்குக் காரணம். அங்கே மருந்தைக் குறைத்தால் பின்னோக்கிப் போய் மோனோகுளோரமீனில் நிற்போம்: வாடை குறையும், பாதுகாப்பும் குறையும். கூட்டினால் பள்ளத்தைத் தாண்டிவிடலாம். அதோடு, அந்த அம்மோனியா எங்கிருந்து வந்தது என்று தேடுவதும் கட்டாயம். நேற்று வரை இல்லாத வாடை இன்று வந்தால், உடைந்த கழிவுநீர்க் குழாய்தான் முதல் சந்தேகம்.

ஆகவே தனிக் குளோரின் எவ்வளவு, அம்மோனியாவோடு பிணைந்த குளோரின் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் சோதனை வேண்டும். பழைய ஆர்த்தோடாலிடின் திரவம் மஞ்சள் நிறம் காட்டும். தனிக் குளோரினுக்குப் பத்து விநாடிக்குள், பிணைந்ததற்குக் கால் மணி நேரம் போல ஆகும். புற்றுநோய் ஐயத்தால் பல இடங்களில் அதைக் கைவிட்டு, டி.பி.டி. என்ற, குளோரின் பட்டால் நிறம் தரும் மாத்திரைக்கு மாறிவிட்டார்கள். சோதனைக் குழாயைப் பரிசோதிக்கும் தண்ணீராலேயே அலசி, 10 மி.லி. பிடித்து, முதல் எண் மாத்திரையைப் போட்டு நசுக்கிக் கலக்கினால் இளஞ்சிவப்பு வரும். நிற அட்டையோடு ஒரு நிமிடத்துக்குள் ஒப்பிட்டால் அது தனிக் குளோரின். பிறகு அயோடைடு கலந்த மூன்றாம் எண் மாத்திரையை அதே குழாயில் போட்டு இரண்டு நிமிடம் பொறுத்தால் மொத்தக் குளோரின் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிணைந்த குளோரின். வாடைப் புகாரோடு வரும் தண்ணீரில் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சின்னச் சோதனைதான், தவறவும் நிறைய வழி இருக்கிறது. ஒரு நிமிடம் தாண்டிப் பார்த்தால் குளோரமீனும் மெல்ல நிறம் கொடுத்து, தனிக் குளோரின் அதிகம்போலக் காட்டும். மூன்றாம் மாத்திரை போட்ட குழாயைச் சரியாகக் கழுவாமல் அடுத்த மாதிரியைப் பிடித்தால், ஒட்டியிருக்கும் துளி அயோடைடு அதே குழப்பத்தைச் செய்யும். எல்லாவற்றையும்விட மோசமானது, குளோரின் மிக அதிகமாக இருக்கும்போது நடப்பது: நிறம் ஒரு கணம் பளிச்சிட்டு மறைந்துவிடும். சாயத்தையே குளோரின் வெளுத்துவிட்டது. கவனிக்காதவர் பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதி, இன்னும் மருந்து போடச் சொல்வார். சந்தேகம் வந்தால் குளோரின் இல்லாத வடிநீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்க்க வேண்டும்.

கிணறு, தொட்டி போன்றவற்றுக்கு எவ்வளவு பவுடர் போடுவது? புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 33 சதவீதம் குளோரின் கிடைக்கும். வெயிலும் ஈரமும் பட்டுக் கிடந்த மூட்டையில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தண்ணீரின் தேவையும் தெரியாது. தெரியாதவை இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க வில்லியம் ஹாராக்ஸ் என்ற ராணுவ மருத்துவர் உருவாக்கிய கருவி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆறு வெள்ளைக் கோப்பை, ஒரு கருப்புக் கோப்பை, 2 கிராம் கரண்டி, சொட்டுக்குழாய், கலக்கும் கண்ணாடிக் குச்சிகள், ஸ்டார்ச்-அயோடைடு கரைசல், இவ்வளவுதான் சரக்கு. கருப்புக் கோப்பையில் ஒரு கரண்டி பவுடரைக் கரைத்துத் தெளிய விட வேண்டும். வெள்ளைக் கோப்பைகளில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, தெளிந்த கரைசலை முதல் கோப்பையில் 1 சொட்டு, இரண்டாவதில் 2 என்று ஆறு வரை விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு ஸ்டார்ச்-அயோடைடு. குளோரின் எஞ்சியிருக்கும் கோப்பை நீலமாகும். தெளிவாக நீலம் காட்டும் முதல் கோப்பை எத்தனையாவதோ, 455 லிட்டர் தண்ணீருக்கு அத்தனை கரண்டி பவுடர்.

எந்தப் பவுடரைக் கிணற்றில் போடப் போகிறோமோ அதே பவுடர், எந்தத் தண்ணீரோ அதே தண்ணீர். மூட்டை வீரியம் இழந்திருந்தால் நீலம் தள்ளிப்போய் நான்காவது கோப்பையில் வரும், கணக்கும் தானாகக் கூடிவிடும். ஒன்றே ஒன்று: கருவியோடு வந்த சொட்டுக்குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும். சொட்டின் பருமன் மாறினால் 455 லிட்டர் கணக்கே ஆட்டம் காணும். குளோரமீனும் நீலம் காட்டிவிடும் என்பதால் பிறகு டி.பி.டி. சோதனையும் செய்துவிடுவது நல்லது.

3 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 28,260 லிட்டர். மூன்றாவது கோப்பை நீலமானால் 455-க்கு 6 கிராம். மொத்தம் ஏறக்குறைய 375 கிராம். இதை அப்படியே கிணற்றில் வீசுவது பலருக்குப் பழக்கம். சுண்ணாம்பு அடியில் தங்கும், மருந்து ஒழுங்காகக் கலக்காது. ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல், கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி வரை நீர்விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. ஆசிட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

குளோரினுக்கு நேரமும் வேண்டும். பி.எச். 8-க்குக் கீழ் உள்ள தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.5 மி.கி. தனிக் குளோரின் அரை மணி நேரம் நிற்க வேண்டும், வீட்டுக் குழாய்க்கு வரும்போது 0.2-ஆவது மிஞ்ச வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மேல்வரம்பு 5 மி.கி. தண்ணீர் கலங்கலாக இருந்தால் துகள்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளை மருந்து எட்டாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியோ குளோரினைச் சட்டைசெய்வதே இல்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் நான்கு லட்சம் பேரை அது படுக்கவைத்தபோது தண்ணீரில் குளோரின் இருந்துகொண்டுதான் இருந்தது. வடிகட்டுவது சரியில்லாவிட்டால் குளோரினை மட்டும் நம்பிப் பயனில்லை.

எஞ்சிய குளோரினுக்கு இன்னொரு வேலையும் உண்டு, உளவு சொல்வது. கிருமிச் சோதனைக்குப் போன மாதிரியின் முடிவு வர ஒரு நாளாவது ஆகும். 100 மி.லி.யில், மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. முடிவு வருவதற்குள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். குளோரின் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். வழக்கமாக 0.5 காட்டும் தெருவில் இன்று 0 என்றால், இடையில் ஏதோ நுழைந்து குளோரினைத் தின்றிருக்கிறது. விட்டுவிட்டு நீர் வரும் குழாய்களில் அழுத்தம் இல்லாத நேரத்தில் கசிவு வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படும். அதன் முதல் அடையாளம் இந்த மறைவு. அதனால்தான் மாதிரியைத் தொட்டியடியில் மட்டும் எடுத்துத் திருப்திப்படக் கூடாது. குழாய் முடியும் கடைக்கோடி வீடு வரை போக வேண்டும்.

கிருமிச் சோதனைப் புட்டியிலும் இந்தக் குளோரின் குறுக்கிடும். ஆய்வுக்கூடம் போய்ச் சேரும் வரை அது புட்டிக்குள் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருந்தால், குழாயில் இருந்தது முடிவில் தெரியாது. அதற்காகத்தான் புட்டியில் முன்கூட்டியே சில சொட்டு சோடியம் தயோசல்பேட் விட்டிருப்பார்கள். எடுத்த கணத்திலேயே குளோரினை அது செயலிழக்கச் செய்யும். "புட்டியில் ஏதோ அழுக்கு" என்று அதைக் கழுவி ஊற்றிவிட்டு மாதிரி பிடிப்பவர்கள் உண்டு. அப்படி வந்த நல்ல முடிவுக்கு மதிப்பே இல்லை.

கனடாவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் கால்நடைச் சாணம் ஆழமில்லாத கிணற்றில் கலந்தது. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். எஞ்சிய குளோரினைத் தினமும் அளக்காமலே பதிவேட்டில் 0.5, 0.75 என்று எழுதி வந்தது விசாரணையில் வெளிப்பட்டது. அன்றன்று உண்மையாக அளந்திருந்தால் குளோரின் காணாமல் போனது உடனே தெரிந்திருக்கும். பதிவேட்டில் எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் நான் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

கொசுப் புகை அடிக்கும் வண்டி தெருவில் போனால் எல்லோருக்கும் தெரியும். அதற்கு நிதியும் கிடைக்கும். குளோரின் சோதனை மாத்திரைப் பெட்டி தீர்ந்துபோனது யார் கண்ணுக்கும் படாது. தானியங்கிக் குளோரின் கருவி வாங்கக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதன் பராமரிப்புக்கும் சோதனை மாத்திரைக்கும் பணம் ஒதுக்க மறப்பது உலகெங்கும் உள்ள வியாதி. இன்னொரு பக்கம், குளோரின் விஷம், அது புற்றுநோய் தரும் என்ற பிரசாரம். கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற, அந்த ஐயத்துக்குரிய பொருள் உண்டாவது உண்மைதான். தண்ணீரை முன்பே நன்றாக வடிகட்டி அந்தக் கரிமப் பொருளைக் குறைப்பதுதான் அதற்கு வழி. குளோரினையே நிறுத்துகிறவர், என்றோ வரக்கூடிய சிறு ஆபத்துக்குப் பயந்து நாளைக்கே வரும் வயிற்றுப்போக்கை வரவேற்கிறார்.

வாடைப் புகார் கொடுக்கும்போது மூன்று தகவல் சேர்த்துச் சொன்னால் சோதிக்க வருகிறவருக்கு வேலை பாதி முடிந்துவிடும்: வாடை நேரடிக் குழாயிலா, வீட்டுத் தொட்டி வழியாக வரும் குழாயிலா; தண்ணீர் திறந்ததும் மட்டுமா, ஐந்து நிமிடம் ஓடிய பிறகுமா; பக்கத்து வீடுகளிலும் உண்டா. தொட்டிக் குழாயில் மட்டும் என்றால் தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று என்று முதலில் பாருங்கள்.