சிலந்தி வேட்டுவாளி: சொல் விளக்கம்

குளவிகளில் ‘பொம்பிலிடே’ குடும்பத்துக்கு உரிய தமிழ்ப் பெயர் இது. ‘பாம்பிலிடே’ என்றும் எழுதுகிறார்கள். பாம்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 1798-இல் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் சூட்டிய ‘பொம்பிலஸ்’ என்ற பேரினப் பெயரே இதன் வேர். கிரேக்கத்தில் ‘பொம்பிலோஸ்’ கப்பலோடு கூடவே வரும் ஒரு மீன்.

வேட்டையாடும் குளவிக்கு வேட்டுவன், வேட்டுவாளி என்ற பெயர்கள் தமிழில் பழையவை. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்கும் வேட்டுவன், சைவ சித்தாந்தத்தில் பெயர்பெற்ற உவமை. உண்மையில் புழு குளவியாவதில்லை, குளவிக் குஞ்சுக்கு இரையாகிறது. அங்கே இரை புழு என்பதால்தான் ‘சிலந்தி’ என்ற அடைமொழி இங்கே கட்டாயம் வேண்டும்.

‘மண்குளவி’ என்று இதைச் சொல்லக் கூடாது. சென்னை வீடுகளில் சுவிட்ச் பெட்டியிலும் ஜன்னல் சட்டத்திலும் மண் அப்பும் கருமஞ்சள் குளவி ‘ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்’. 1781-இல் இந்த ஊரின் பெயராலேயே அறிவியலில் ஏறியது. அதுவும் சிலந்தியைத்தான் பிடிக்கிறது, ஆனால் வேறு குடும்பம். இடுப்பு நூல்போல நீண்டிருக்கும்; ஓர் அறையில் பல சின்னச் சிலந்திகளைத் திணிக்கும்.

வேட்டுவாளிக்கோ அறைக்கு ஒரே சிலந்தி, அதன் வயிற்றின்மேல் ஒரே முட்டை. பின்னங்கால்கள் நீளம், முள் நிறைந்தவை. இறக்கையை வெடுக் வெடுக்கென்று உதறியபடி தரையில் ஓடியே தேடும். சிலந்தியின் அடிப்பக்கத்தில், கால்கள் சேரும் இடத்தருகே கொட்டும். சிலந்தி சாகாது, செயலிழக்கும். அதனால்தான் இறைச்சி கெடுவதில்லை. பிறகு பெரும்பாலும் பின்புறமாக நடந்தே இழுத்துப்போகும். வேட்டுவாளிகளில் ‘ஆப்லோபஸ்’ என்ற பேரினத்து இனங்கள் சிலந்தியின் கால்களை வெட்டிவிட்டுச் சின்ன மண் குடுவைக்குள் வைக்கும். பெரிய சிலந்தியில் பெண்ணாகும் முட்டை, சிறியதில் ஆண் முட்டை. முட்டையிலிருந்து வரும் இளம்புழு, சிலந்தியின் உயிர்நிலை உறுப்புகளைக் கடைசியாகத்தான் தின்னும்.

குழி தோண்டும் நேரமே ஆபத்தானது. கீழே போட்ட சிலந்தியை எறும்பு தூக்கிவிடும். ஆகவே சில இனங்கள் அதைச் செடிக் கவட்டில் மாட்டிவைத்துவிட்டுத் தோண்டும். ‘செரோபேல்ஸ்’ என்ற உறவுக்காரக் குளவி, பிறர் இழுத்துச்செல்லும் சிலந்தியின் மூச்சுத் துளைக்குள் தன் முட்டையைச் செருகிவிடும்.

அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் சுமார் 5,000 இனங்கள், வெப்பமண்டலத்தில்தான் அதிகம். கூட்டமாக வாழாதது, காக்கவேண்டிய பொதுக்கூடும் கிடையாது. கையில் பிடிக்காதவரை கொட்ட வராது. மருந்தடிக்கத் தேவையில்லை.